சாய்மனைக் கதிரையும் மேல்வீட்டுப் பலகைத் தளமும்: பழைய பூச்சைக் கழற்றிய வேலைப் பதிவு

வேலைக்கு எடுத்தவை இரண்டு. ஒன்று, தேக்கில் செய்த சாய்மனைக் கதிரை. கால் நீட்டி வைக்கும் அளவுக்கு நீண்ட கைகள், பிரம்பு பின்னிய இருக்கை. மற்றது, 12க்கு 10 அடி மேல்வீட்டு அறையின் முதிரைப் பலகைத் தளம். இரண்டும் திருகோணமலை நகருக்குள், அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் நிற்கும் ஒரு பழைய வீட்டுக்குரியவை. கதிரைக்கு மேல் சொக்கலேட் நிற எனாமல் பெயின்ட். தளத்தில் இருந்தது கறுத்த வார்னிஷ்: நடுவில் தேய்ந்து, சுவரோரம் தடித்துக் கிடந்தது. கதிரைக்கு ஆறு நாள், தளத்துக்கு ஐந்து நாள், காய விட்ட நாட்கள் வேறு.

ஆடி மாதத்தில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. இந்த ஊரில் மர வேலைக்கு நல்ல காலம், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் வைகாசிக் கடைசி தொட்டு ஆவணி வரை. காற்றின் ஈரப்பதன் 65 வீதத்தில் நின்றால் மரத்துக்குள் இருக்கும் ஈரம் 12 வீதத்துக்குக் கிட்ட வந்து நிற்கும். 85 வீதமானால் 17, 18 வரை ஏறும். வாடை தொடங்கி மழை இறங்கிய பிறகு பூச்சுப் போட்டால் அந்த ஈரத்தையும் சேர்த்து உள்ளே பூட்டி வைக்கிறோம். அடுத்த கச்சானில் மரம் சுருங்கும்போது பூச்சு மூட்டுகளில் மயிரிழையாக வெடிக்கும். கச்சானுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு: தூசி. பகல் பதினொரு மணிக்குப் பிறகு தூரிகையில் இருக்கும் பூச்சே இழுபடத் தொடங்கிவிடும். அதனால் தூரிகையால் பூசும் வேலை எல்லாம் காலை ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில். சுரண்டுவது, தேய்ப்பது மற்ற நேரத்தில்.

என்ன பூச்சு என்று பார்த்தது

பழைய பூச்சு எல்லாவற்றையும் "வார்னிஷ்" என்று ஒரே பெயரால் சொல்லிப் பழகிவிட்டோம். பாதி வேலை கெடுவது இந்த இடத்தில்தான். அரக்குப் பொலிஷ், லேக்கர், எண்ணெய் வார்னிஷ், பொலியூரித்தேன் நான்கும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். கழறும் விதம் நாலுக்கும் நாலு.

கதிரைக் கையின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், பிளேட்டால் ஒரு சதக் காசு அளவுக்குச் சாய்வாகச் சீவி, 400 நம்பர் சாண்ட் பேப்பரைத் (நம்பர் கூடக் கூடப் பேப்பர் மென்மை) தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தோம். வெட்டிய மரத்தின் வளையம் போல் பூச்சுகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிந்தன: வெளியே சொக்கலேட், அதற்குள் இளம்பச்சை, பிறகு மெல்லிய வெள்ளை, மரத்தோடு ஒட்டிச் செம்மண் நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு படலம். அந்தக் கடைசிப் படலத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்து எடுக்க, பஞ்சு தேயிலைச் சாய நிறத்துக்கு மாறி ஒட்டியது. அரக்கு. ஸ்பிரிட்டில் அசையாமல் லேக்கர் தின்னரில் கரைந்தால் லேக்கர். தின்னரில் கரையாமல் சுருங்கிச் சுருக்கம் விழுந்தால் எண்ணெய் வார்னிஷ் அல்லது எனாமல். இரண்டுக்கும் மசியாவிட்டால் பெரும்பாலும் பொலியூரித்தேன்.

மரத்தின் மேல் முதலில் அரக்கு இருந்தது பெரிய அதிர்ஷ்டம். தேக்கின் துவாரங்களை அரக்கு அடைத்திருந்ததால் பெயின்ட் மரத்துக்குள் இறங்கவில்லை. மேலே இருக்கும் பெயின்டை ஒரு இடத்தில் உடைத்து ஸ்பிரிட்டை உள்ளே விட்டால் அடியில் உள்ள அரக்கு இளகி, பெயின்ட் பாளமாகக் கழன்று வரும். நேரடியாக மரத்தில் அடித்த பெயின்டாக இருந்திருந்தால் இதே கதிரைக்கு இரண்டு மடங்கு நாள் பிடித்திருக்கும்.

உள்ளே இருந்த பச்சையும் வெள்ளையும் பழைய பெயின்ட். இலங்கையில் பெயின்டில் ஈயத்துக்குச் சட்டப்படி எல்லை நடைமுறைக்கு வந்ததே 2013இல். அதற்கு முந்திய எதையும் ஈயம் கலந்தது என்று எடுத்துக்கொண்டு வேலை செய்வதே புத்தி. அதாவது உலர்வாகத் தேய்ப்பதில்லை, மெஷின் பிடிப்பதில்லை, நெருப்புக் காட்டிச் சுடுவதில்லை. கீழே பொலித்தீன் விரிப்பு, முகத்துக்கு நல்ல மாஸ்க், சுற்றுவட்டாரத்தில் சின்னப் பிள்ளைகள் இல்லை. சுரண்டி விழுந்ததைக் கூட்டி முற்றத்துக் குப்பையில் எரிப்பதும் கூடாது. நனைத்து, சுருட்டி, பையில் கட்ட வேண்டும்.

கழற்றியது

சாமான்கள்: ஜெல் பெயின்ட் ரிமூவர் 1 லீற்றர், மெதிலேற்றட் ஸ்பிரிட் 3 லீற்றர், பழைய 2 அங்குலத் தூரிகை, முனை மழுக்கிய புட்டித் தகடு, தேங்காய்த் தும்பு, ஒரு கட்டு ஈர்க்கு, பால்மாப் பேணி இரண்டு.

பிரம்பை முதலில் வெட்டி எடுத்தாயிற்று. அது இருக்க ரிமூவர் போட்டால் பிரம்புக் கண்களுக்குள் இறங்கிப் பழுப்பாக்கிவிடும். பின்னல் நல்லபடி இருந்து சற்றுத் தொய்ந்திருந்தால் மட்டும் வெட்டத் தேவையில்லை. அடிப்பக்கத்தைச் சுடுதண்ணீரில் நனைத்துக் காற்றில் காய விட்டால் இழுத்துப் பிடிக்கும். இதில் நாலு இடம் அறுந்திருந்தது.

கடும் ரிமூவர்களில் பெரும்பாலும் இருப்பது மெதிலீன் குளோரைட். அது கொதிப்பது 40 பாகை செல்சியஸுக்குக் கிட்ட. ஆடி மாதத்து மத்தியான வெயிலில் பூசினால் பெயின்டைத் தின்னுமுன் தானே பறந்துவிடும். பிறகு "சரக்குச் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை. காலை ஏழு மணிக்கு விறாந்தை நிழலில் தடிப்பாக, ஒரே திசையில் ஒரே இழுப்பில் வைத்து, மேலே பொலித்தீன் போர்த்தி 25 நிமிடம் விட்டதில் சொக்கலேட்டும் பச்சையும் சுருண்டு எழும்பின. தூரிகையால் திரும்பத் திரும்பத் தேய்த்தால் மேல் தோல் உடைந்து ஆவி போய்விடும். இந்தச் சரக்கு மெல்லிய ரப்பர் கையுறையையும் நைற்றைல் கையுறையையும் சில நிமிடத்திலேயே கடந்துவிடும். குளிர்வதுபோல் எரிவு தெரிந்தால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். பூட்டிய அறைக்குள் இதைப் பாவித்து மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு. காற்று முதுகுப் பக்கத்தில் இருந்து வரும்படி நின்று செய்வதே முறை.

ரிமூவர் ஒரு சுற்றோடு முடிந்தது. மிச்சத்தை ஸ்பிரிட் செய்தது. பழைய சாரத் துண்டை ஸ்பிரிட்டில் நனைத்துக் கைகளின் மேல் விரித்து, பொலித்தீன் சுற்றி அரை மணி நேரம். பிறகு தும்பால் நார் ஓடும் திசையில் தேய்க்க வெள்ளையும் அரக்கும் சேறாக வந்தன. கடைசல் காலின் பள்ளங்களுக்கு ஈர்க்கை விட நல்ல ஆயுதம் இல்லை. முனையைக் கத்தியால் சாய்வாக வெட்டிச் சுழற்றினால் போதும். கம்பித் தூரிகை போட்டால் கம்பித் துண்டு நாருக்குள் முறிந்து நின்று, இரண்டு மாதத்தில் கறுப்புப் புள்ளியாகத் தலை காட்டும். தேக்கில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் இங்கத்தைய உப்புக் காற்றும் சேர்ந்தால் வேறு என்ன நடக்கும்.

காஸ்டிக் சோடாக் கரைசலில் முக்கி எடுக்கும் பழக்கம் இங்கும் உண்டு. மலிவு, வேகம் இரண்டும் உண்மை. ஆனால் தேக்கு கறுத்துப்போகும், நார் பஞ்சாக எழும்பும், மூட்டுகளில் இருக்கும் வச்சிரப்பசை (மிருகத் தோலில் காய்ச்சிய பழைய பசை) கரைந்து இறங்கிவிடும். வினாகிரி ஊற்றிக் கழுவினாலும் துவாரத்துக்குள் நின்ற காரம் பிறகு வெளியே வந்து புதுப் பூச்சைத் தள்ளும். இரும்புக் கேற்றுக்குச் செய்யலாம். கதிரைக்கு வேண்டாம்.

மூட்டும் கறையும்

பின்கால் ஒன்று ஆடியது. கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் மர முனை, சுருங்கித் துளைக்குள் தளர, யாரோ மூன்று கம்பி ஆணி இறுக்கியிருந்தார்கள். ஆணி இறுக்கிய மூட்டு ஒருபோதும் இறுகாது. ஆணியைச் சுற்றி மரம் நசிந்து துளைதான் பெருக்கும். துருவேறிய ஆணித் தலையில் சோல்டரிங் அயனை ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கி, ஆறியதும் குறட்டால் உருட்டி எடுத்தோம். இழுக்கக் கூடாது, உருட்ட வேண்டும். குறட்டின் அடியில் ஒரு தகரத் துண்டு வைத்தால் மரத்தில் பள்ளம் விழாது.

துளைக்குள் இருந்த பழைய பசை வெந்நீரில் இளகியது, ஆகவே வச்சிரம். அதை முழுக்கத் துடைத்து மரம் தெரிந்த பிறகே புதுப் பசை. வெள்ளைப் பசை பழைய பசையின் மேல் பிடிக்காது. கழுந்தின் இரு பக்கமும் தேக்குச் சீவல் ஒட்டித் தடிப்பாக்கி, கையால் தள்ளினால் போய், சுத்தியல் இல்லாமல் நிற்கும் அளவுக்கு வைத்தோம். பெரிய கிளாம்ப் இல்லாததற்குக் கயிறு: இரண்டு சுற்று, நடுவில் ஒரு தடி, முறுக்கி அந்தத் தடியைக் கட்டையில் செருகியது. கயிறு படும் மூலைகளுக்குச் சைக்கிள் டியூப் துண்டு. ஒரு நாள் முழுக்க அப்படியே.

ஆணி இருந்த இடங்களில் கறுப்புக் கறை. தேய்த்தால் போகாது, அது ஆழம் வரை ஓடியிருக்கும். 500 மில்லி சுடுதண்ணீரில் 50 கிராம் ஒக்சாலிக் அமிலம் கரைத்து, கறைக்கு மட்டும் அல்லாமல் அந்தக் கால் முழுவதும் பூசினோம். கறைக்கு மட்டும் பூசினால் கறுப்பு வட்டம் போய் வெள்ளை வட்டம் வரும். 20 நிமிடத்தில் பாதி போயிற்று, இரண்டாம் முறைக்கு முழுதும் போயிற்று. பிறகு நல்ல தண்ணீரால் மூன்று தடவை கழுவி, இரண்டு நாள் நிழலில் காய விட வேண்டும். சரியாகக் கழுவாமல் தேய்த்தால் அந்த அமிலத் தூள் மூக்குக்குள் போய் எரிக்கும், தும்மல் நிற்காது. கண்ணாடிப் பாத்திரத்தில் அல்லது பிளாஸ்டிக்கில் கரைக்கவும். தகரப் பேணி வேண்டாம்.

காலடியில் உளு அரித்த ஊசித் துளைகள் சில. ஒரு லீற்றர் வெந்நீரில் 60 கிராம் வெண்காரம், 40 கிராம் போரிக் அமிலம் கரைத்துத் தூரிகையால் இரண்டு தடவை. பூச்சு இல்லாத மரத்தில் மட்டுமே இது உள்ளே இறங்கும். ஆகவே இதற்கு இதுதான் நேரம்.

தேய்த்தது, பொலிஷ் போட்டது

சாண்ட் பேப்பர் எடுத்தது இங்கேதான், நாலாம் நாள். தொடக்கத்திலேயே பேப்பர் போட்டிருந்தால் பெயின்ட் சூடாகி இளகிப் பேப்பரை அடைத்திருக்கும், கைகளின் வளைவு தட்டையாகியிருக்கும், காலத்தால் வந்த தேன் நிறமும் போயிருக்கும். அந்த நிறம் மேல் அரை மில்லிமீற்றரில்தான் இருக்கிறது. எந்தச் சாயத்தாலும் அதைத் திருப்பி வாங்க முடியாது.

பழைய ஓடாவிமார் (தச்சர்) உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவார்கள். வளைந்த கைக்கு இன்றும் அதுதான் சரி. இரண்டு மில்லிமீற்றர் யன்னல் கண்ணாடியை வெட்டினால் கிடைக்கும் விளிம்பு, புதிய சீவுளி அலகுக்கு நிகர். தள்ளாமல் இழுக்க வேண்டும், சற்றுச் சாய்த்து. சுருள் வந்தால் சரி, தூள் வந்தால் விளிம்பு மழுங்கிவிட்டது, அடுத்த துண்டை எடுக்கவும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் விளிம்பு சீக்கிரம் போகும். தட்டையான இடங்களுக்கு 120, பிறகு 180. ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்து நார் எழும்பியதும் 220ஆல் மெதுவாக ஒரு தடவை. அதற்கு மேல் போகத் தேவையில்லை.

பூசுமுன் இரண்டு துடைப்பு. முதலாவது நல்ல தண்ணீரில் பிழிந்த துணி, உப்புக்கு. கடலோர வீட்டில் இரண்டு நாள் வெளியே நின்ற மரத்தை நக்கிப் பார்த்தாலே கரிக்கும். அந்த உப்பு ஈரத்தை இழுத்துப் பூச்சைத் தூக்கிவிடும். இரண்டாவது தின்னர், தேக்கின் எண்ணெய்க்கு. துடைத்து ஒரு மணி நேரத்துக்குள் பூசத் தொடங்க வேண்டும், விட்டால் உள்ளே இருந்து எண்ணெய் மறுபடி மேலே வரும். பொலியூரித்தேன் போட்ட தேக்கு மேசைகள் உரிந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இந்தத் துடைப்பு விடுபட்டதே காரணம்.

கதிரைக்கு அரக்கே போட்டோம். 500 மில்லி ஸ்பிரிட்டுக்கு 100 கிராம் அரக்குச் சீவல், கண்ணாடிப் போத்தலில் ஒரு நாள் ஊற வைத்து, வொயில் துணியில் வடித்தது. தகரப் பேணியில் வைத்தால் கறுக்கும். கரைத்த அரக்கு இங்கத்தைய வெக்கையில் அதிக காலம் நிற்காது. ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பார்க்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் நகத்தில் ஒட்டினால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்கவும்.

முதல் இரண்டு பூச்சு தூரிகையால், இடையில் 320ஆல் ஒரு தடவல். பிறகு பொட்டணி: கோழிமுட்டை அளவு பஞ்சு, பலமுறை தோய்த்த வெள்ளைப் பருத்தித் துணிக்குள். பொலிஷைப் பஞ்சுக்குள் விட வேண்டும், துணியைத் தோய்க்கக் கூடாது. உள்ளங்கையில் அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மரத்தில் இறக்கி, ஓடிக்கொண்டே எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் துணியின் நெய்வு அச்சாக விழும். அழித்து முதலில் இருந்து. இப்படி ஒரு தடவைக்கு எட்டுப் பத்து ஓட்டம், மூன்று மணி நேர இடைவெளி, மூன்று தடவை.

மூன்றாம் தடவை அன்று மாலை திடீரென்று ஒரு மழை தூறியது. அந்த ஈரக் காற்றிலும் நிறுத்தாமல் ஓட்டியதால் இடது கை பால் படிந்ததுபோல் வெளுத்தது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அங்கே பனியாக இறங்கி அரக்குக்குள் மாட்டிக்கொள்கிறது. பதறித் தேய்த்துக் கழற்றத் தேவையில்லை. அடுத்த நாள் காய்ந்த காற்றில், ஸ்பிரிட் மட்டும் நாலு சொட்டு விட்டுப் பிழிந்த பொட்டணியால் மெல்ல இரண்டு ஓட்டம் ஓட்ட, வெளுப்பு போய்விட்டது.

அரக்கின் பலவீனம் தெரிந்ததே: சூடான தேநீர்க் கோப்பை வைத்தால் வெள்ளை வளையம் விழும். அதற்காகக் கைகளுக்கு மட்டும் மெழுகு. 100 கிராம் தேன்மெழுகை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்கி, அடுப்பை விட்டு எடுத்த பிறகு 250 மில்லி டேர்பன்டைன் சேர்த்தது. பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவோர் பலர். அது உலரவே உலராது, தூசியைப் பிடித்து வைத்துச் சிக்கடிக்கும். அடுத்து யார் பூச்சுப் போட்டாலும் பிடிக்காது.

தளம்

பலகை 6 அங்குல அகலம், முதிரை. வெள்ளைக்காரர் திருகோணமலை மரம் என்று பெயர் வைத்தது சவண்டலைக்கு, சிங்களத்தில் ஹல்மில்ல. இது அதுவல்ல. முதிரை மஞ்சள், சரித்துப் பார்த்தால் பட்டுப்போல் மின்னும். தேக்கை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரம். இதன் தூசி தோலில் பட்டால் சிலருக்குக் கடுமையாகத் தடிக்கும், மரத்தில் உள்ள ஒரு அல்கலொயிட்டே காரணம். முழுக்கைச் சட்டை, மாஸ்க், வேலை முடிந்ததும் குளிப்பு. நார் ஒரு கோடு இப்படியும் அடுத்த கோடு எதிராகவும் ஓடுவதால் சீவுளி பிடித்தால் கோடு கோடாகப் பிய்க்கும். சீவுளியை வைத்துவிடுங்கள்.

முதல் நாள் முழுவதும் ஆணிக்கே போயிற்று. ஒவ்வொரு தலையையும் பொன்ச்சு வைத்து 3 மில்லிமீற்றர் உள்ளே அடித்தோம், 190 ஆணி. ஒன்று தப்பினாலும் தேய்க்கும் மெஷினின் சாண்ட் பேப்பர் பெல்ட் கிழியும். அதைவிடப் பயம், பொறி பறந்து தூசிப் பைக்குள் விழுவது. வார்னிஷ் தூசி உள்ளே கிடந்து புகைந்து இரவில் பற்றும். மாலையில் பையை வெளியே கொட்டி நனைத்தோம்.

நாற்பது நம்பர் பெல்ட்டால் தொடங்கத் தோன்றும். வேண்டாம், 60 போதும். அடுத்து 80, கடைசி 100. ஓரங்களுக்கு 5 அங்குல வட்ட மெஷின். முதிரைத் தளத்தில் 120க்கு மேல் மெருகேற்றினால் பூச்சுப் பிடிக்க ஒரு சொரசொரப்பும் மிஞ்சாது. ஒரு இடத்தில் மெஷினை நிறுத்தி வைத்தால் தட்டுப் போல் பள்ளம் விழும், அது வெளிச்சம் சரிந்து விழும் மாலையில்தான் தெரியும்.

பலகைகளுக்கு இடையே ஆடி மாதத்தில் இரண்டு மில்லிமீற்றர் வரை இடைவெளி. அடைக்க வேண்டாம். பலகை ஈரத்தோடு அகலம் மாறும். தேக்கில் கூட 6 அங்குலப் பலகை, ஈரம் 5 வீதம் ஏறினால் ஒன்றரை மில்லிமீற்றர் வரை அகலும். கச்சானில் மக்கு வைத்து அடைத்தால் மார்கழியில் மக்கு நசிந்து மேலே தள்ளும், அல்லது பலகை நடுவில் கூனும். கைவிரல் போகும் அளவுக்கு இருந்த ஓரிடத்தில் மட்டும் முதிரைச் சிம்பு ஒன்றை ஒரு பக்கத்துப் பலகையில் மட்டும் ஒட்டி விட்டோம். ஆணிக் குழிக்கு எபொக்சி மக்கும் முதிரைத் தூளும். அரக்கில் குழைத்த மக்கு இங்கே கூடாது, சாதாரண அரக்கில் உள்ள மெழுகின் மேல் பொலியூரித்தேன் நிற்காது.

அறை 120 சதுர அடி, 11 சதுர மீற்றர். ஒரு லீற்றர் ஏறத்தாழ 10 சதுர மீற்றருக்கு வரும், மூன்று பூச்சுக்கு மூன்றரை லீற்றர். 4 லீற்றர் எடுத்து அரை லீற்றர் மிஞ்சியது. எண்ணெய் வகைப் பொலியூரித்தேன், முதல் பூச்சுக்கு மட்டும் பத்தில் ஒரு பங்கு டேர்பன்டைன். பேணியைக் குலுக்கக் கூடாது, குமிழி வரும். தட்டைக் குச்சியால் கலக்க வேண்டும். யன்னல்களைச் சாத்தி, படிக்கட்டில் தண்ணீர் தெளித்துத் தூசி அடங்கிய பிறகு, கதவுக்கு எதிர்ச்சுவரில் தொடங்கிப் பலகை நீளத்துக்கு இழுத்து வாசல் வரை. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு யன்னலைத் திறக்கலாம். பூச்சுக்குப் பூச்சு ஒரு இரவு, இடையில் 220.

துடைத்த துணிகளை முற்றத்துக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காய வைத்தோம், மிச்சத்தைத் தண்ணீர்ப் பேணிக்குள். எண்ணெய்ப் பூச்சுத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் யாரும் தீ மூட்டத் தேவையில்லை, உலரும் சூடே போதும்.

கடைசிப் பூச்சுக்கு மறுநாள் காலுறையோடு நடக்கலாம். கட்டில், அலுமாரி ஏற்ற மூன்று நாள், கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டி, தூக்கித்தான் வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. பாய் விரிக்க இரண்டு கிழமை பொறுக்கவும். முந்தினால் பாய் கிடந்த அளவுக்கு ஒரு நீள்சதுரம் நிறம் மாறி நிற்கும்.